செல்லும் சட்டமும் எடுபடும் சட்டமும்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சந்தைச் சட்டத்தைத் தமிழில் கற்க விரும்புவோருக்காக நான் எழுதிவரும் பாடக்குறிப்புகளில், 'டைரக்ட் எஃபெக்ட்' (ஒன்றியத்தின் சட்டத்தைத் தனியொருவர் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே நேரடியாகக் கையிலெடுத்து வழக்காட முடிவது) என்ற கருத்துக்கு என்ன சொல் ஆளலாம் என்று உங்களிடம் கேட்டிருந்தேன். நேரடி விளைவு, நேருரிமை, நேர்வலு என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றையும் அந்தச் சட்டத்தின் முதன்மையான வழக்குகளில் பொருத்திப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் ஏதோவோர் இடத்தில் இடறியது. நான்காவதாக ஒரு சொல் நம் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதால், காரணங்களோடு இதை எழுதுகிறேன்.

குறிப்பின் முதல் வரைவில் நானே 'நேரடி விளைவு' என்றுதான் எழுதியிருந்தேன். ஒன்றியம் இயற்றும் 'ரெகுலேஷன்', 'டைரக்டிவ்' என்ற இருவகைச் சட்டங்களை அதில் முறையே ஒழுங்குவிதி, பணிப்புரை என்று குறித்திருந்தேன். அதைப் படித்த மாணவி ஒருவர், "ஒழுங்குவிதி வெளியானவுடன் எல்லா நாடுகளிலும் நடைமுறைக்கு வந்துவிடுவதால் அதற்கு நேரடி விளைவு உண்டு, பணிப்புரையை நிறைவேற்ற ஒவ்வொரு நாடும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருப்பதால் அதற்கு நேரடி விளைவு கிடையாது" என்று விடை எழுதியிருந்தார். விடை தவறு. ஆனால் 'விளைவு' என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் எவரும் அங்கேதான் போய்ச் சேர்வார்கள். அவர் எழுதியது வேறொரு கருத்தைப் பற்றியது. அதற்கு நான் தனிச் சொல்லே கொடுத்திருக்கவில்லை.

ஆகவே நமக்குத் தேவை ஒரு சொல் அன்று, ஒரு சோடி. 1957 மார்ச் 25 அன்று பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஆறு நாடுகள் கையொப்பமிட்ட ரோம் உடன்படிக்கையின் 189ஆம் பிரிவு (இன்றைய எண்வரிசையில் 288), ஒழுங்குவிதி ஒவ்வோர் உறுப்பு நாட்டிலும் நேரடியாகப் பொருந்தும் என்கிறது. அதாவது உள்நாட்டு நாடாளுமன்றம் அதை மறுபடி இயற்ற வேண்டியதில்லை. 1973ஆம் ஆண்டின் வாரியோலா வழக்கில், லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், உள்நாட்டுச் சட்டமாக மறுபடி எழுதி அதன் ஐரோப்பியப் பிறப்பை மறைப்பதே கூடாது என்றது. இது முதற்கருத்து. சட்டம் எல்லை தாண்டி நாட்டுக்குள் எப்படி வருகிறது என்பதை மட்டுமே இது சொல்கிறது.

இரண்டாவது கருத்து, உள்ளே வந்துவிட்ட அந்தச் சட்டத்தைச் சாதாரணக் குடிமகன் ஒருவர் தன் ஊர் நீதிமன்றத்தில் கையிலெடுத்து வழக்காட முடியுமா என்பது. உடன்படிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க முழுக்கத் தீர்ப்பில் பிறந்த கருத்து. ஃபான் கெண்ட் என் லோஸ் என்ற டச்சு நிறுவனம் 1960 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியிலிருந்து யூரியா-ஃபார்மால்டிஹைடு இறக்குமதி செய்தது. அந்தப் பொருளுக்கு முன்பு 3 விழுக்காடாக இருந்த சுங்கவரி, பொருள் வகைப்பாடு மாற்றப்பட்டதால் 8 விழுக்காடாகிவிட்டது. உறுப்பு நாடுகள் தங்களுக்கிடையே புதிய சுங்கவரி விதிக்கவோ இருப்பதை உயர்த்தவோ கூடாது என்பது 12ஆம் பிரிவு. நிறுவனம் அதைச் சுட்டிக்காட்டி வழக்காட, டச்சுச் சுங்கத் தீர்ப்பாயம் கேள்வியை லக்சம்பர்க் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. உடன்படிக்கையை ஒரு நாடு மீறினால் அதைத் தட்டிக்கேட்க ஐரோப்பிய ஆணையமும் மற்ற உறுப்பு நாடுகளும் இருக்கின்றன, தனியாருக்கு அதில் இடமில்லை என்பதுதான் அங்கே கருத்துரைத்த மூன்று அரசுகளின் நிலை. 1963 பிப்ரவரி 5 அன்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தப் புதிய சட்ட ஒழுங்குக்கு உரியவர்கள் நாடுகள் மட்டுமல்லர், அவற்றின் குடிமக்களும்தாம் என்றது.

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று நாம் சொல்வோமே, அந்த அம்பலத்தின் கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு இது என்று நான் கருதுகிறேன். நாம் ஆக்கும் சொல்லில் அந்த அம்பலம் தெரிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

இனி வந்த சொற்களுக்கு வருகிறேன். 'விளைவு' ஏன் போதாது என்பதை மேலே சொல்லிவிட்டேன். 'நேருரிமை' அதைவிட மிக நல்ல சொல். முன்மொழிந்த நண்பர் கருத்தின் மையத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அதையே ஏற்றுக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் எண்ணியிருந்தேன். 1979ஆம் ஆண்டின் ராட்டி வழக்கில்தான் அது நின்றுவிட்டது. இத்தாலியில் கரைப்பான்களையும் வார்னிஷ்களையும் விற்ற ஒருவர், அவற்றின் கலங்களில் ஐரோப்பியப் பணிப்புரைகள் கேட்டபடி விவரச்சீட்டு ஒட்டினாரே தவிர, அதைவிடக் கூடுதலாகக் கேட்ட இத்தாலியச் சட்டத்தின்படி ஒட்டவில்லை. அவர்மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டது. அவர் எந்த உரிமையையும் கோரி நீதிமன்றம் போகவில்லை. தன்னைத் தண்டிக்காமல் காத்துக்கொள்ளப் பணிப்புரையைக் கேடயமாக நீட்டினார். கரைப்பான் பணிப்புரையை இத்தாலி நிறைவேற்றியிருக்க வேண்டிய கெடு கடந்துவிட்டதால் அந்தக் கேடயம் அவரைக் காத்தது. வார்னிஷ் பணிப்புரையின் கெடு இன்னும் முடியாததால் அதை நீட்டிப் பயனில்லை. இதில் முதலாவதற்கு 'நேருரிமை உண்டு' என்று எழுதினால், எந்த உரிமை என்ற கேள்வி உடனே எழுகிறது.

'நேர்வலு' சுருக்கமாக இருக்கிறது, ஒலியும் நன்று. ஆனால் 'சட்ட வலு' என்பதை நாம் ஏற்கெனவே ஓர் ஆவணம் செல்லத்தக்கது என்ற பொருளில் ஆள்வதால், அது முதற்கருத்தின் பக்கமே சாய்கிறது. மாணவியின் குழப்பம் மறுபடி வந்துவிடும்.

நான் முன்வைப்பது இரண்டு வினைகளை: செல்லும், எடுபடும்.

'செல்லும்' என்பதற்கு விளக்கம் தேவையில்லை. நாணயம் செல்லும், பத்திரம் செல்லும், செல்லாக்காசு என்கிறோம். சட்டத் தமிழில் 'செல்லுந்தன்மை' நிலைபெற்ற சொல். ஜெர்மன் மொழியிலும் இந்த இடத்தில் வருவது 'கெல்டன்' என்ற வினைதான். ஒரு பயணச்சீட்டு செல்லும் என்பதற்கும் அவர்கள் அதையே ஆள்கிறார்கள். ஒழுங்குவிதி ஒவ்வோர் உறுப்பு நாட்டிலும் நேரடியாகச் செல்லும் என்று எழுதினால், 288ஆம் பிரிவு தமிழிலேயே எழுதப்பட்டதுபோல் அமைகிறது. ஒழுங்குவிதி, பணிப்புரை ஆகிய இரண்டும் இலங்கைச் சட்டத் தமிழில் புழங்கும் சொற்கள். அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

'எடுபடும்' என்பதைத்தான் சற்று வாதாடி நிறுத்த வேண்டும். "இந்தச் சாட்சியம் கோர்ட்டில் எடுபடாது", "என் பேச்சு அங்கே எடுபடவில்லை" என்கிறோம். ஒருவர் ஒன்றை எடுத்து முன்வைக்கிறார், கேட்கும் இடத்தில் இருப்பவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார் என்ற இரண்டும் அந்த ஒரே வினைக்குள் அடங்கியிருக்கின்றன. அம்பலம் தனியாகச் சொல்லப்படாமலே அதில் தெரிகிறது. உரிமை கோரினாலும் கேடயமாக நீட்டினாலும் வினை மாற வேண்டியதில்லை: ராட்டி வழக்கில் கரைப்பான் பணிப்புரை எடுபட்டது, வார்னிஷ் பணிப்புரை எடுபடவில்லை. மாணவியின் விடையையும் ஒரே வரியில் திருத்திவிடலாம்: பணிப்புரை நேரடியாகச் செல்லாது, ஆனாலும் கெடு கடந்தபின், அதன் கட்டளை தெளிவாகவும் நிபந்தனையின்றியும் இருந்தால், அரசுக்கெதிராக நேரடியாக எடுபடும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். வர வேண்டிய மறுப்புதான். பேச்சுவழக்கில் 'வாதம் எடுபட்டது' என்றால் வாதம் வென்றது என்றே பலர் கொள்வர். டைரக்ட் எஃபெக்ட் வெற்றியைக் குறிப்பதில்லையே என்று கேட்கலாம். ஆனால் இங்கே எடுபடுவது வாதியின் வழக்கு அன்று, அவர் கையிலெடுக்கும் சட்டப் பிரிவு. ஃபான் கெண்ட் என் லோஸ் தீர்ப்பிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. 12ஆம் பிரிவு டச்சுத் தீர்ப்பாயத்தில் எடுபடும் என்று மட்டுமே லக்சம்பர்க் சொன்னது. அந்தப் பொருளுக்கு வரி உண்மையிலேயே உயர்ந்ததா என்று கண்டறியும் வேலையைத் தீர்ப்பாயத்திடமே திருப்பி அனுப்பிவிட்டது. பிரிவு எடுபடுதல் ஒன்று, வழக்கு வெல்லுதல் மற்றொன்று. பாடத்தில் இந்த வழக்கை முதலில் வைத்தால் மாணவர்களுக்கு இது குழம்பாது.

பெயர்ச்சொல் தேவைப்படும் இடங்களில் 'நேரடிச் செல்லுந்தன்மை', 'நேரடி எடுபடுந்தன்மை' என்று இணையாக அமைக்கலாம். நீளம்தான், மறுக்கவில்லை. ஆயினும் தலைப்புகளைத் தவிர மற்ற இடங்களில் வினையாகவே எழுதினால் தமிழ் தெளிவாக ஓடுகிறது என்பதை என் குறிப்புகளைத் திருத்தும்போது கண்டேன். சட்டம் அரசுக்கெதிராக எடுபடுவதையும் தனியாருக்கெதிராக எடுபடுவதையும் பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் ஆளும் செங்குத்து, கிடை என்ற உருவகங்களும் அப்போது தேவையற்றுப் போகின்றன. 'அரசுக்கெதிராக எடுபடும்', 'தனியாருக்கெதிராக எடுபடும்' என்றாலே போதும். பணி ஓய்வு வயது தொடர்பான 1986ஆம் ஆண்டின் மார்ஷல் வழக்கில், ஆண் பெண் இருபாலரையும் சமமாக நடத்தக் கோரும் பணிப்புரை, வேலை கொடுத்தவர் ஒரு பொதுச் சுகாதார அமைப்பு என்பதால் எடுபட்டது. 1994இல் வந்த ஃபாச்சினி டோரி வழக்கில், மிலான் மத்திய ரயில் நிலையத்தில் அஞ்சல்வழி ஆங்கிலப் பயிற்சிக்கு ஒப்பந்தம் செய்துவிட்டு மனம் மாறியவருக்கு, அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழியைப் பணிப்புரை தந்திருந்தது. இத்தாலி அதை உரிய காலத்தில் சட்டமாக்கவில்லை. எதிர்த்தரப்பு தனியார் நிறுவனம் என்பதால் பணிப்புரை எடுபடவில்லை.

சட்டம் கற்பிக்கும் நண்பர்கள் இந்தக் கடைசி வழக்கைத் தங்கள் சொற்களில் நான்கைந்து வரிகளுக்கு எழுதி, அதில் இவ்விரு வினைகளும் எங்கேனும் இடறுகின்றனவா என்று பார்த்துச் சொன்னால், குறிப்பின் அடுத்த பகுதியை அதற்கேற்ப எழுதுவேன்.

அன்புடன்.