காக்கா ஆழி உங்கள் பக்கமும் வந்துவிட்டதா? படம் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். எண்ணூர்க் கழியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் ‘காக்கா ஆழி’ என்று திட்டுகிற சிப்பி பற்றித்தான் இந்தப் பதிவு. ஊர் தென் அமெரிக்கக் கரை. அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா. கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் நிறைத்து வந்து கொட்டும் பாரத்தண்ணீரில் குஞ்சாக வந்திருக்கலாம் என்கிறார்கள். சிங்கப்பூரில் 2016இல் பார்த்தார்கள், அப்புறம் கேரளக் கழிகளிலும்.

போன வாரம் ஓர் அண்ணன் முழங்கால் தண்ணீரில் கைவிட்டு ஒரு கொத்து எடுத்துக் கொடுத்தார். பிடுங்கப் பிடுங்க நார் நாராக வந்தது, ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை நீளம், இடையில் சேறு. இது பாய் விரித்தாற்போல் படர்ந்த இடத்தில் இறால் எங்கே ஒதுங்கும், மட்டி எங்கே புதையும்?

பழவேற்காடு, முட்டுக்காடு, மரக்காணம், பிச்சாவரம் பக்கம் இருக்கிறவர்கள் உதவ வேண்டும். பாலத் தூண், வலைக் கம்பு, படகின் அடி எங்கே பார்த்தாலும் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். சிப்பியின் ஓட்டைத் திறந்து உள்பக்கமும் ஒன்று. நம் பக்கத்துச் சிப்பியான பச்சை ஆழியின் குஞ்சோடு குழப்பிக்கொள்வது ரொம்பச் சுலபம், நானே இரண்டு முறை ஏமாந்தேன். தேதி, இடம், தண்ணீர் உப்பா சப்பையா என்பதும் தேவை. தேடிப் பார்த்து இல்லை என்றாலும் எழுதுங்கள், அதுவும் பதிவுதான்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? இதை முதலில் எந்த வருஷம் பார்த்தார்கள், 2015 வெள்ளத்துக்கு முன்பா பின்பா?

எடுத்த சிப்பியை மட்டும் வேறு தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.