ஜூலைக் கோப்பைகளில் நம் கிளப்புக்கு இடம் வேண்டுமா, வேண்டாமா?

ஈசூன்_இளங்கோ:
ஜூலை வந்தால் ஐரோப்பிய கால்பந்து கிளப்புகள் சிங்கப்பூரின் காலாங்கில், தேசிய விளையாட்டரங்கில் இறங்குகின்றன. சீசன் தொடங்குவதற்கு முன் ஒன்றிரண்டு ஆட்டம், ஒரு கோப்பை, அப்புறம் விமானம். 2017 முதல் 2019 வரை இன்டர்நேஷனல் சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. 2022இல் லிவர்பூலும் கிரிஸ்டல் பேலஸும் ஆடின. 2025இல் ஆர்சனல், ஏசி மிலான், நியூகாசல். இத்தனையிலும் சிங்கப்பூர் கிளப் எங்கே?

நான் கேட்பது ஒன்றுதான். தேசிய விளையாட்டரங்கில் இப்படிப் போட்டி நடத்த வருகிறவர்கள், அதில் ஓர் ஆட்டத்தையாவது சிங்கப்பூர் பிரிமியர் லீக் கிளப்போடு வைக்க வேண்டும். வாய்வார்த்தையாக இல்லை, ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். முன்பு அரங்கம் தனியார் கூட்டமைப்பின் கையில் இருந்தது, கேட்க முடியவில்லை. 2022 டிசம்பரில் அந்த அரங்கம் இருக்கும் ஸ்போர்ட்ஸ் ஹப் வளாகத்தை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்போதும் நிபந்தனை போடாவிட்டால் எப்போது போடுவது?

2026 உலகக் கோப்பை இறுதியாட்டம் ஜூலை 19ஆம் தேதி. யார் வந்தாலும் பெரிய ஆட்கள் பாதிப்பேர் விடுமுறையில் இருப்பார்கள். 2018 உலகக் கோப்பை முடிந்த கையோடு பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி இங்கே வந்தபோது எம்பாப்பே வரவில்லை. ஆர்சனல் அவர்களை 5-1 என்று அடித்தது. அன்று களத்தில் இருந்த பிஎஸ்ஜி பையன்கள் பலரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. முன்பின் தெரியாத பத்தொன்பது வயதுப் பையனுக்குக் காசு கொடுக்கலாமாம், நம் ஊர்ப் பையனுக்குக் கொடுக்க மாட்டோமாம்.

கன்னர்_செல்வா:
இளங்கோ அண்ணே, நீங்கள் கேட்டதை ஏற்கனவே செய்து பார்த்தாயிற்று. 2015இல் இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் ஆசியக் கோப்பைக்கு ஆர்சனல், எவர்ட்டன், ஸ்டோக் மூன்றும் வந்தன. நான்காவது அணி சிங்கப்பூர்த் தெரிவு அணி. ஆர்சனல் நம்மை 4-0 என்று அடித்தது. பத்தொன்பது வயது சூபா அக்பாம் மூன்று கோல் போட்டார். நான் அரங்கில் இருந்தேன். நம் ஆட்கள் ஓடி ஓடிக் களைத்ததுதான் கண்ணில் நிற்கிறது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

2019 டோட்டன்ஹாம்-யுவென்டஸ் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2-2, 90 நிமிடம் தாண்டிவிட்டது. யுவென்டஸின் ரபியோவிடமிருந்து பந்து பறிபோகிறது. டோட்டன்ஹாமின் ஹேரி கேன் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு நடுக்கோட்டிலிருந்தே அடிக்கிறார். கோல்காப்பாளர் பின்னால் ஓடுகிறார், பந்து தலைக்கு மேல் போய் வலைக்குள் விழுகிறது. அரங்கமே எழுந்து நின்றது. சிங்கப்பூரில் இருந்துகொண்டே அதைப் பார்க்க முடிந்ததே, அதுவே போதும் எனக்கு. ஜொகூரிலிருந்தும் ஜகார்த்தாவிலிருந்தும் ஆட்கள் வருவது இதற்காகத்தான். நம் கிளப்பைப் பார்க்க வேண்டுமென்றால் வாரா வாரம் லீக் ஆட்டம் இருக்கிறது, டிக்கெட்டும் மலிவு.

தெம்பனிஸ்_அம்மா:
செல்வா தம்பி, 2015ஐச் சொன்னீர்கள், 2023ஐ விட்டுவிட்டீர்கள்.

அந்த ஜூலையில் டோட்டன்ஹாமோடு ஆட வேண்டிய ரோமா வரவில்லை. கடைசி நேரத்தில் நம் லீக்கின் லயன் சிட்டி செய்லர்ஸைக் கூப்பிட்டார்கள். முதல் கோல் யார் போட்டது? நம் ஷவால் அனுவார். இடைவேளைக்குச் சற்று முன்புதான், அதுவும் பெனல்டியில், ஹேரி கேன் சமன் செய்தார். கடைசியில் 5-1, சரி. ஆனால் முதல் பாதி முழுக்க அது ஓர் ஆட்டமாக இருந்தது.

என் மகன் இளையர் அணியில் இடது பின்வரிசை ஆடுகிறான். அன்று அவன் பந்தைப் பார்க்கவில்லை. டோட்டன்ஹாமின் இடது பின்வரிசைக்காரரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, பந்து வரதுக்கு முன்னாடியே ரெண்டு தோள் பக்கமும் திரும்பிப் பார்த்துடறாரு" என்றான். தொலைக்காட்சியில் அது தெரியாது, கேமரா பந்தின் பின்னாலேயே போகும். எதிரே நின்றவர்கள் அவன் வாராவாரம் பார்க்கிற அண்ணன்கள் என்பதால்தான் அவன் அப்படிப் பார்த்தான். மிலானும் ஆர்சனலும் ஆடும்போது அவன் வெறும் ரசிகன். நம் கிளப் ஆடும்போது தன்னையும் அந்தக் களத்தில் வைத்துப் பார்க்கிறான்.

அதே ஷவால்தான் 2025 நவம்பரில் ஹாங்காங்கில் நம் தேசிய அணிக்காகச் சமன் கோல் அடித்தார். 2-1 என்று வென்றோம். ஆசியக் கிண்ணத்துக்கு நாம் முதன்முறையாகச் சொந்தத் திறமையில் தகுதி பெற்றோம்.

பழைய_காலாங்:
தங்கச்சி, மகன் நன்றாக வரட்டும். ஆனால் இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஷவால் அந்தக் கோலை டோட்டன்ஹாமிடம் கற்றுக்கொள்ளவில்லை. செய்லர்ஸ் ஆசியப் போட்டிகளில் ஆடி அடிபட்டுத் தேறியது. 2025 மே மாதம் பீஷானில் ஷார்ஜாவுக்கு எதிராக செய்லர்ஸ் ஆடிய, ஆசியக் கிளப்புகளுக்கான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டத்துக்குப் போயிருந்தீர்களா? 90 நிமிடம் தாண்டி செய்லர்ஸின் லெஸ்டியேன் சமன் செய்தபோது பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாமல் கட்டிப்பிடித்தேன். சில நிமிடங்களில் ஷார்ஜா மறுபடி போட்டு 2-1. வயிறு எரிந்தது. ஆட்டம் என்றால் அது. தோற்றால் வலிக்க வேண்டும்.

1998இல் தென்கிழக்காசிய அணிகளின் டைகர் கோப்பை இறுதியாட்டம் ஹனோயில். நம் அணியின் சசிகுமார் தோளில் பட்டுப் போன பந்துதான் கோப்பையைத் தந்தது. அதற்கு முன்னால் எந்த ஐரோப்பியக் கிளப் வந்து நம்மைத் தயார் செய்தது?

ஜூலை ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு பதினோரு பேரையும் மாற்றுகிறார்கள். அதில் இடம் கேட்டுக் கெஞ்சுவது மரியாதையா? வருகிறவர்கள் வரட்டும், போகட்டும். அரங்கு வாடகையில் ஒரு பங்கை இளையர் அணிகளுக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஈசூன்_இளங்கோ:
அண்ணன் சொல்வதில் பணத்தைப் பற்றிய பகுதி எனக்கும் சம்மதம். மற்றது இல்லை. ஆசியப் போட்டிக்குப் போவது ஒன்றிரண்டு கிளப்தான். மற்றவர்களுக்கு யார் கொடுப்பார்கள் அந்த அடியை?

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. 2023இல் செய்லர்ஸ் தங்கள் சீசனின் நடுவில் இருந்தார்கள், டோட்டன்ஹாம் அப்போதுதான் தொடங்கியது. முதல் பாதி அப்படி அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது நம் லீக்கும் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகிறது. ஆக, ஜூலையில் நம் கிளப்புகளுக்கும் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் தேவை. வேறெங்கோ போய்த் தேட வேண்டியதில்லை, எதிரணி நம் ஊருக்கே வருகிறது. கால அட்டவணை இதற்கு முன் இவ்வளவு தோதாக இருந்ததில்லை.

கன்னர்_செல்வா:
அட்டவணை தோதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்பாட்டாளர் கிளப்புகளுக்கு வருகைக் கட்டணம் கொடுத்துக் கூட்டி வருகிறார். 55,000 இருக்கையை நிரப்பினால்தான் அது திரும்பி வரும். நம் லீக்கின் பாலஸ்தியரும் நியூகாசலும் என்று சுவரொட்டி போட்டால் மேல்தளம் காலியாகக் கிடக்கும். நஷ்டப்பட்டால் அடுத்த ஆண்டு ஹாங்காங்குக்குப் போய்விடுவார். 2025இலேயே மிலானும் ஆர்சனலும் இங்கிருந்து அங்கேதான் போனார்கள்.

அதனால் இப்படிச் செய்யலாமே: பெரிய ஆட்டம் இரவு 7:30 மணிக்கு. அதே டிக்கெட்டில், அதே புல்லில், 4:30 மணிக்கு இரண்டு உள்ளூர் கிளப்புகள் முன்னோட்ட ஆட்டம் ஆடட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

தெம்பனிஸ்_அம்மா:
4:30 மணிக்கு யார் வருவார்கள் தம்பி? நான் வேலை முடித்துக் கிளம்பவே ஆறு ஆகிவிடும். அரங்கம் நிறைவது ஏழேகாலுக்கு. காலி இருக்கைக்கு முன்னால் நம் பிள்ளைகளை ஆடவிட்டு, கூட்டம் வரும்போது களத்தைவிட்டு அனுப்பினால் அதைவிடக் கேவலம் இல்லை.

ஈசூன்_இளங்கோ:
அதேதான். முன்னோட்ட ஆட்டம் வேண்டாம்.

செல்வா, நஷ்டக் கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று கிளப் வருகிற ஆண்டில் வார இறுதியைப் பெரிய ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். வார நாளில் ஓர் ஆட்டம் உள்ளூர் கிளப்போடு, ஜாலான் புசாரிலோ பீஷானிலோ. அந்த அளவு அரங்கம் நிரம்பும், டிக்கெட்டையும் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் வைக்கலாம். ஜாலான் புசார் செயற்கைப் புல் என்று ஐரோப்பியப் பயிற்றுநர்கள் தயங்கினால், பீஷானே சரி.

பழைய_காலாங்:
பீஷான் என்றால் நான் வருகிறேன். வாடகைப் பங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கன்னர்_செல்வா:
பீஷானில் ஆர்சனலா? முதல் நிமிடத்திலேயே டிக்கெட் தீர்ந்துவிடும் அண்ணே, உள்ளூர் ரசிகருக்கு ஒன்றுகூட மிஞ்சாது. லீக் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு முதலில் விற்பார்கள் என்றால் யோசிக்கலாம். நானும் அப்போது ஒரு சீசன் டிக்கெட் எடுத்துவிடுவேன். ஆனால் இதை ஒப்பந்தத்தில் கட்டாயமாக்குவதற்கு இன்னும் எனக்குச் சம்மதமில்லை.