அரைக்குப் பத்தா, ஒன்றுக்குப் பத்தா?

தராசுமுள்:
"அல்பிரசோலம் 1 மி.கி. என்றால் டயசிபாம் 10 மி.கி., மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று, பதற்ற மாத்திரையான அல்பிரசோலத்தை விட முடியாதவர்களை அதே வகையைச் சேர்ந்த, மெல்லக் கழியும் டயசிபாமுக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதற்காக நேற்று ஓர் அட்டவணையைப் போட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறார் வார்டுக்காரர். தப்பு. அரை மி.கி.க்குப் பத்து. பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை நியூகாசிலில் இந்த மாத்திரைகளை விடுவிப்பதற்கென்றே கிளினிக் நடத்தியவர். அவர் கையேட்டில் அரைக்குப் பத்து. பிரிட்டனில் டாக்டர்கள் பார்க்கும் மருந்துக் கையேடான பிரிட்டிஷ் ஃபார்முலரியில் 0.25-க்கு ஐந்து, அதே கணக்குதான். தினம் 2 மி.கி. போடுகிறவருக்கு உங்கள் கணக்கில் 20 மி.கி. டயசிபாம், அவர்கள் கணக்கில் 40. மாற்றுகிறேன் பேர்வழி என்று முதல் நாளே பாதி மருந்தைப் பிடுங்கிவிடுவீர்கள். இரண்டு மூன்று நாளில் ஃபிட்ஸ் வந்தால் "பேஷன்ட் டென்ஷன் பார்ட்டி" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவீர்கள்.

வார்டுக்காரர்:
வாங்க சார், உங்களைத்தான் காணோமேன்னு பார்த்தேன். ஒன்றுக்குப் பத்து என்று போட்ட அட்டவணைகளும் புழக்கத்தில் இருக்கின்றன, நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. 70 வயது, மூச்சிரைப்பு உள்ளவருக்கு எடுத்த எடுப்பில் 40 கொடுத்துப் பாருங்கள். டயசிபாம் உடம்பில் உடைந்து வரும் டெஸ்மெதில்டயசிபாமின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 36 முதல் 200 மணி நேரம். நாளுக்கு நாள் சேரும். முதல் நாள் தெளிவாக நடந்தவர் ஆறாம் நாள் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார். குறைத்துத் தொடங்கி, நடுக்கம், வியர்வை, நாடித்துடிப்பு பார்த்து ஏற்றுவதுதான் முறை.

தராசுமுள்:
நாலு மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து பார்க்கிற இடத்தில் அது முறை. உங்கள் அட்டவணையில் அந்த வரி எங்கே? அதைப் பார்த்து வீட்டிலேயே மாற்றிக்கொள்ளக் கிளம்புகிறவனுக்கு ஏற்றிவிட யார் இருக்கிறார்கள்? நாற்பதை ஒரே நாளில் கொட்டச் சொல்லி நானும் சொல்லவில்லை, ஆஷ்டனும் சொல்லவில்லை. 0.5 வீதம் நாலு வேளை போடுகிறவருக்கு முதலில் ராத்திரி வேளையை மட்டும் 10 மி.கி. டயசிபாமாக மாற்ற வேண்டும். சில நாள், தேவைப்பட்டால் ஒரு வாரம் பார்த்துவிட்டு அடுத்த வேளை. மற்ற வேளைகள் அல்பிரசோலமாகவே ஓடும். பகலில் தூங்கி வழிந்தால் அங்கேயே தெரிந்துவிடும், டாக்டர் நிறுத்திவைக்கலாம். அரைக்குப் பத்து.

கசப்புக்குளிகை:
இரண்டு பேருமே கல்லீரலை மறந்தாச்சு. குடியும் சேர்ந்த கேஸ், கல்லீரல் சுருங்கிப்போன சிரோசிஸ் என்றால் டயசிபாமே வேண்டாம். அதே வகையைச் சேர்ந்த லோராசிபாம் பக்கம் போவார்கள், அதில் 1 மி.கி.க்கு டயசிபாம் பத்து என்று கணக்கு. அது வேறு வழியாகக் கழிவதால் கெட்டுப்போன கல்லீரலிலும் அவ்வளவாகத் தேங்காது. பழைய சீட்டுகளையும் பார்க்க வேண்டும். கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்கோ, பூஞ்சைக்கான இட்ராகோனசோலோ ஓடினால் அல்பிரசோலம் ரத்தத்தில் ஏறி நிற்கும். வலிப்பு மருந்தான கார்பமசிபைன் ஓடினால் இறங்கும். இதைப் பார்க்காமல் அரையா ஒன்றா என்று என்ன கூத்து? அப்புறம், எஸ்.ஆர். என்கிற மெல்லக் கரையும் மாத்திரையை உடைத்து நாலாக்குகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பல மணி நேரம் மெல்ல இறங்க வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும்.

தராசுமுள்:
மருந்துக்கடைக்காரர் கல்லீரல் பாடம் எடுக்கிறார், சந்தோஷம். அல்பிரசோலம் மருந்து விதிகளில் உள்ள கட்டுப்பாட்டுப் பட்டியலான அட்டவணை எச்1-க்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாச்சு. சீட்டு எழுதினவர் பேர், நோயாளி பேர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற்றி மூன்று வருஷம் வைக்க வேண்டும். எத்தனை கடையில் அந்த ரிஜிஸ்டர் இருக்கு அண்ணே?

கசப்புக்குளிகை:
ரிஜிஸ்டரை ட்ரக் இன்ஸ்பெக்டர் கேட்கட்டும், உமக்கு எதுக்கு? "ஜோல்பிடெம் தூக்க மாத்திரை பழக்கமாகாது" என்று எழுதி எழுதிக் கொடுத்தது கடைக்காரனா, டாக்டரா?

குன்றிமணி:
சண்டையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்லுங்களேன். மாற்றாமல் அல்பிரசோலத்தையே குறைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லையே? 2025-இல் அமெரிக்கப் போதை அடிமைத்தன மருத்துவச் சங்கமும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம், இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. மருந்தோடு வரும் தாளில் மூன்று நாளுக்கு 0.5-க்கு மேல் குறைக்காதே என்பதைப் படித்துவிட்டு, 2 மி.கி.யைப் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தராசுமுள்:
குறைக்கலாம் தம்பி. ஆனால் அல்பிரசோலத்தின் அரை ஆயுள் சுமார் 11 மணி நேரம், வேளைக்கு வேளை இடையிலேயே பதற்றம் எட்டிப் பார்க்கும். கையில் கிடைக்கிற சின்ன மாத்திரை 0.25. அதைப் பாதியாக உடைத்தாலும் 0.125, டயசிபாமில் இரண்டரை. டயசிபாம் 2 மி.கி. மாத்திரையைப் பாதியாக்கினால் 1 மி.கி. படி கிடைக்கும். 40-இலிருந்து 20 வரை வாரம் ஒன்று இரண்டுக்கு 2 மி.கி., அதற்குக் கீழே 1 மி.கி. இந்த இரண்டரை எங்கிருந்து வந்தது என்று வார்டுக்காரரைக் கேள். அரைக்குப் பத்து என்றால்தான் வரும்.

வார்டுக்காரர்:
அந்தக் கையேட்டையே முழுசாகப் படித்தீர்களா? இந்தச் சமன் அளவுகள் ஆளுக்கு ஆள் மாறலாம், வேறு சில ஆசிரியர்களின் அளவோடு ஒத்துப்போகாது என்று அந்த அம்மாவே அட்டவணையோடு எழுதிவைத்திருக்கிறார். அடிக்குறிப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாது போல.

தராசுமுள்:
"மாறலாம்" என்றால் பாதியாகப் போடு என்று அர்த்தமா? நாடியைப் பார்த்து ஏற்றுவேன் என்கிறீர்களே, அதே நோயாளிக்குப் படபடப்புக்கு என்று நாடித்துடிப்பை இறக்கிவிடும் ப்ரோப்ரனோலால் எழுதுகிற வழக்கம் இருக்கிறதே, அப்புறம் நாடி என்ன சொல்லும்? நடுக்கமும் அடங்கித் தெரியும், ஃபிட்ஸ் மட்டும் அடங்காது. வலிக்கு டிரமடால் வேறு சேர்த்துவிட்டால் ஃபிட்ஸ் இன்னும் சுலபமாக வரும்.

வார்டுக்காரர்:
ப்ரோப்ரனோலால் பற்றி யார் பேசினார்? பேச்சை மாற்றாதீர்கள்.

கசப்புக்குளிகை:
மயங்கி வந்தவரெல்லாம் ஓவர்டோஸ் என்று, இந்த மாத்திரைகளின் வேலையை முறிக்கும் ஃப்ளூமசெனில் ஊசியை ஏற்றுகிற பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் மாத்திரை போட்ட உடம்பில் அந்த ஊசியே ஃபிட்ஸை வரவழைக்கும். டாக்டர்மார் கணக்குக் கடைக்காரனுக்கும் தெரியும்.

தராசுமுள்:
அதற்குத் தனியாக வருகிறேன் அண்ணே, ரிஜிஸ்டரோடு. வார்டுக்காரரே, அட்டவணையைத் திருத்துவீர்களா மாட்டீர்களா?

வார்டுக்காரர்:
மாட்டேன். "மருத்துவர் பார்வையில் மட்டும்" என்று மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எண் அப்படியே இருக்கும்.

தராசுமுள்:
0.5 = 10.

குன்றிமணி:
அப்போ இதே வகையில் இன்னொன்றான குளோனசிபாம் 0.5-க்கு எவ்வளவு? அதுவும் பத்துதானா?

வார்டுக்காரர்:
இவரை வேறு கிளப்பிவிட்டுட்டீங்க.