புதுப்பிப்பு: மூன்றாவது ஊர் வந்துவிட்டது

சென்னையிலும் மும்பையிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை, ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்றைத் தானாக முதன்மையாக்கும் பட்ரோனி மென்பொருளுடன் நிறுவி, எது முதன்மை என்பதைப் பெரும்பான்மை ஒப்புதலுடன் பதிந்துவைக்கும் எட்சிடியின் கணுக்களை (அது ஓடும் இயந்திரங்களை) ஊருக்கு இரண்டாக வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். இரட்டைப்படை வேண்டாம் என்று எச்சரித்தீர்கள். மிகச் சரி.

சோதனைக்காக இரு ஊர்களுக்கும் இடையிலான இணைப்பைத் துண்டித்தேன். நான்கில் பெரும்பான்மை என்றால் மூன்று. இரு பக்கமும் இரண்டுதான். அரை நிமிடத்துக்குள் சென்னையின் முதன்மைச் சர்வர் தானாகவே பொறுப்பிலிருந்து விலகியது. எல்லா இயந்திரங்களும் நலம், ஆனால் ஒரு பதிவுகூட எழுத முடியவில்லை! இரண்டு திரைகளிலும் ‘ரெப்ளிகா’ (படிக்க மட்டுமே முடிகிற நகல்) என்றே நின்றதைப் பார்த்து வயிற்றைக் கலக்கிவிட்டது.

இப்போது ஐதராபாத்தில் ஒரு சிறிய இயந்திரம். அதில் எட்சிடி மட்டும், தரவு எதுவும் கிடையாது. கணுக்கள் ஐந்து, எந்த ஊர் விழுந்தாலும் பெரும்பான்மைக்குத் தேவையான மூன்றாவது மிஞ்சும். மும்பையைத் துண்டித்தேன், சென்னை சற்றுத் தயங்கிவிட்டுத் தொடர்ந்து எழுதியது. சென்னையைத் துண்டித்தேன், மும்பை பொறுப்பேற்றது. அந்த நொடியில் அப்படி ஒரு நிம்மதி.

நகலெடுப்பை ஒத்திசைவாகவே வைத்திருக்கிறோம்: மற்ற ஊர் இணைப்பில் இருக்கும்வரை, அங்கும் பதிந்த பிறகே ஒரு பதிவு முடிந்ததாகக் கொள்ளப்படும். கண்ணாடி இழையில் 1,000 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே சுமார் 10 மில்லிவினாடி ஆகும். ஒவ்வொரு கமிட்டும் (பதிவை உறுதிசெய்யும் படியும்) அதைச் சுமக்கிறது. ஒரு ரசீதும் தொலையக்கூடாத வேலை, ஆகவே ஏற்றுக்கொண்டோம்.

அடுத்த வாரம் சென்னையின் மின்சாரத்தையே நிறுத்திப் பார்க்கப் போகிறோம்.