ஸ்கெட்ச் (சின்ன நகைச்சுவை நாடகம்) நடுவில் நடிகரே சிரித்துவிட்டால் அது எபிசோடின் உச்சமா, சறுக்கலா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நெல்லைக்காரன் (நியூஜெர்சி)

2024 ஏப்ரல் 13, எஸ்.என்.எல். (சாட்டர்டே நைட் லைவ், சனிக்கிழமை ராத்திரி நேரலையாக வருகிற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சி), நடிகர் ரையன் காஸ்லிங் விருந்தினராக வந்த எபிசோட். இங்கே இருக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள், முழுக் கதை சொல்லவில்லை. அப்பா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம். தூக்கம் இன்னும் இந்த ஊர் நேரத்துக்கு வரவில்லை, அதனால் சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு என்னோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரு பழக்கம். எபிசோட் ஓட ஓட ஒவ்வொரு ஸ்கெட்சுக்கும் பத்துக்கு மார்க் போட்டுக்கொண்டே வருவேன். பழைய எஸ்.என்.எல். நடிகை கேட் மெக்கின்னன் திரும்பி வந்த அந்த வேற்றுக்கிரகக் காட்சிக்கு எட்டு. நடிகை எமிலி பிளன்ட் வந்து சேர்ந்துகொண்ட தொடக்கப் பாட்டுக்கு ஆறு, கொஞ்சம் இழுத்துவிட்டார்கள். அப்பா இரண்டுக்கும் அசையவில்லை. பாஷை பாதிதான் புரியும், ஆட்களும் தெரியாது.

அப்புறம் அந்த டவுன்ஹால் ஸ்கெட்ச், பார்வையாளர்கள் முன்னால் நடக்கிற டிவி பேட்டி. கீனன் தாம்ப்சன் பேராசிரியராக ஏஐ பற்றிப் பேசுகிறார். பேட்டி எடுக்கிறவர் தோளுக்குப் பின்னால் காஸ்லிங், மேலே தூக்கி வாரிய மஞ்சள் முடியோடு. பீவிஸ் அண்ட் பட்ஹெட் கார்ட்டூன் பார்த்தவர்களுக்கு அந்த முடி ஒன்றே போதும். அவரை இடம் மாற்றி உட்கார வைத்தால் அடுத்து மைக்கி டே, மேல் ஈறு மொத்தமும் வெளியே தெரிகிற பட்ஹெட் வாயோடு. பேட்டி எடுக்கிற ஹைடி கார்ட்னர் திரும்பி அந்த முகத்தைப் பார்க்கிறார். அவ்வளவுதான். வசனம் பேச வாயைத் திறந்தால் சிரிப்புதான் வருகிறது. மறுபடி திறக்கிறார், மறுபடி சிரிப்பு.

அப்பா அந்தக் கார்ட்டூனைப் பார்த்ததே இல்லை. ஆனால் சிரித்தார் பாருங்கள், கையில் வைத்திருந்த சுக்குக் காபி லுங்கியில் கொட்டி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு திடீரென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏல, அந்தப் புள்ள சிரிச்சிட்டாளே, வேலைய விட்டுத் தூக்கிர மாட்டானுவளா?" நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

நான் பத்துக்குப் பத்து போட்டேன். ஸ்கெட்சுக்குப் போட்டேனா, அப்பா சிரித்ததற்குப் போட்டேனா என்று இன்றைக்கும் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

பழைய விஜய் டிவி ரசிகன்

சறுக்கல்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

லொள்ளு சபா பார்த்து வளர்ந்தவன் நான். ராம்பாலா டைரக்‌ஷன், சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர், சேஷு என்று ஒரு கூட்டம். மனோகர் வசனம் பேசினால் கை ஒரு பக்கம் போகும், இடுப்பு இன்னொரு பக்கம் போகும். எதிரில் நிற்கிற ஆள் அதைப் பார்த்துக்கொண்டே அழுகைக் காட்சியை அழுகையாகவே நடித்து முடிக்க வேண்டும். எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

தாத்தா தவறி பதினாறு முடிந்த வாரம். வீட்டில் டிவி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டியே, "புள்ளைங்க பாவம், போட்டு விடு" என்று அம்மாவிடம் சொன்னாள். லொள்ளு சபா ஓடியது. சுவாமிநாதன் ஏதோ ஒரு சாதாரண வார்த்தையை இழுத்து இழுத்துச் சொன்னார். பாட்டி முந்தானையை எடுத்து வாயில் வைத்துப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்து அம்மா ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் குலுங்குகிறது, சத்தம் இல்லை. கையை எடுத்தபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது. திரையில் ஒருத்தர் "நாங்கள் எல்லாம் விளையாட்டுக்குத்தான் செய்கிறோம்" என்பது மாதிரி லேசாகச் சிரித்திருந்தால்கூடப் பாட்டிக்குக் கூச்சம் வந்து எழுந்து போயிருப்பாள்.

லொள்ளு சபாவிலும் பள்ளம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் கிண்டல் பண்ணுகிற படத்தை நாம் பார்க்காவிட்டால் பாதி எபிசோட் காற்றில் போய்விடும். சில வாரம் கெட்டப் மட்டும் இருக்கும், ஸ்கிரிப்ட் இருக்காது. ஆனால் நடிகர் சிரித்து அந்தப் பள்ளத்தை மூடியதில்லை. 2024 மார்ச்சில் சேஷு இறந்துபோன செய்தி வந்த அன்று பழைய எபிசோடுகளை ராத்திரி முழுக்கப் பார்த்தேன். அந்த ஆள் முகத்தைப் பாருங்கள், எவ்வளவு நேர்மையாக நிற்கிறார்.

கல்ச்சுரல்ஸ் கோஷ்டி

காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஸ்கிட் போட்டி, இறுதிச் சுற்று. நான் போலீஸ், என் நண்பன் திருடன். ஸ்பிரிட் கம் சரியாக ஒட்டாமல் அவன் மீசையின் இடது பாதி பிரிந்து, மூச்சு விடும்போதெல்லாம் மேலே தூக்கித் தூக்கி இறங்கியது. அவனுக்குத் தெரியவில்லை. அவன் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறான். நான் அந்த மீசையைப் பார்த்தேன், முடிந்தது. அரங்கமே என்னோடு சேர்ந்து சிரித்தது. அன்றைக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான்.

தோற்றுவிட்டோம். அதைவிட, மேடையை விட்டு இறங்கியதும் அவன் கேட்டது: "கடைசி டயலாக் யாருக்காவது கேட்டுச்சாடா?" கேட்கவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து அவன் எழுதிய டயலாக் அது.

'அது இது எது'வில் சிரிச்சா போச்சு சுற்று வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான். அங்கே சிரித்தால் தோற்பது உட்கார்ந்து பார்க்கிற விருந்தாளி. வேஷம் போட்டு வந்தவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சரியான விதி அது.

வரிசையில் நின்றவள்

நெல்லைக்காரன் அண்ணா, நான் அதே எஸ்.என்.எல்.லை நேரில் பார்த்திருக்கிறேன், வேறு வாரம். ஸ்டாண்ட்பை வரிசையில் (முன்பதிவு இல்லாதவர்கள் நிற்கிற வரிசை) ஒத்திகையா நேரலையா, ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். நான் ஒத்திகையை எடுத்தேன். ராக்ஃபெல்லர் பிளாசா, 8எச் ஸ்டூடியோ, ராத்திரி எட்டு மணி. நேரலைக்குத் தேவையானதைவிட அதிக ஸ்கெட்ச் அங்கே நடிப்பார்கள். அப்புறம் தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸ் உட்கார்ந்து சிலதை வெட்டிவிடுவார்.

ஒரு ஸ்கெட்சில் ஒரு நடிகை மட்டும் பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு வசனம். கையால் எழுதிய கியூ கார்டை, அதாவது வசன அட்டையைப் பிடித்திருந்தவர் கேமராவுக்குப் பக்கத்தில் குனிந்து நகர்ந்து, அந்த ஒரு வரிக்காக அட்டையை அவர் பக்கம் திருப்பினார். நடிகை அட்டையைப் பார்க்கவே இல்லை, மனப்பாடம். எனக்கு முன்வரிசையில் மூன்று பேர் சிரித்தார்கள், மற்றபடி அமைதி.

அறைக்கு வந்து பதினொன்றரைக்கு டிவி போட்டு ஒரு மணி வரை பார்த்தேன். அந்த ஸ்கெட்ச் வரவில்லை. அடுத்த நாள் எல்லோரும் 'இந்த வார எபிசோட் சுமார்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தத் துடைக்கிற கைதான் ஞாபகம் வந்தது. நாம் மேடு பள்ளம் பார்ப்பது அவர்கள் வெட்டியது போக மிச்சத்தில்தான்.

முழு எபிசோட் பார்ப்பவன்

2004 மே 1 எபிசோடை நான் ரொம்பப் பிந்தித்தான் பார்த்தேன். டெபி டவுனர் ஸ்கெட்ச். டிஸ்னி வேர்ல்டில் காலைச் சாப்பாடு, ரேச்சல் டிராட்ச் ஒவ்வொரு சோகச் செய்தியாகச் சொல்லச் சொல்ல எல்லோரும் அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறார்கள், ஹொரேஷியோ சான்ஸ் தட்டில் இருந்த வாஃபிளை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். இதுதான் என் அனுபவம்.

ஆனால் இங்கே எழுதியவர்கள் யாருமே எபிசோடை மதிப்பிடவில்லை, ஒரு கணத்தைத்தான் மதிப்பிடுகிறீர்கள். சில விஷயம் சொல்கிறேன். முதலில், யூட்யூப் துண்டுகளைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தையும் வரிசையாகப் பாருங்கள், விளம்பர இடைவெளியோடு. தொடக்கத்தில் சிரிப்பு வராத ஸ்கெட்ச், நடுவில் வீக்கெண்ட் அப்டேட் (செய்தி வாசிப்பது மாதிரியான கிண்டல் பகுதி) முடிந்த பிறகு வந்திருந்தால் எடுபட்டிருக்கும். இடம் முக்கியம். பன்னிரண்டு ஐம்பதுக்கு வருகிற கடைசி ஸ்கெட்சைத் தனியாகப் பாருங்கள். விநோதமானதை எல்லாம் அங்கேதான் வைப்பார்கள், அதை முதல் ஸ்கெட்சுக்கான அளவுகோலால் அளக்கக் கூடாது. அடுத்து, முடிவைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஸ்கெட்சுகளுக்கு முடிவே இருக்காது, கேமரா பின்வாங்கும், கைதட்டல் வரும், அவ்வளவுதான். நல்ல ஆரம்பத்துக்கு ஏழு போட்டவர் முடிவைப் பார்த்துவிட்டு ஐந்தாகக் குறைக்க வேண்டும். நடிகர் சிரிக்கிற இடத்தை ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் தெரியும், ஸ்கெட்ச் தாங்குகிறதா, சிரிப்பு தாங்குகிறதா என்று. டவுன்ஹாலை அப்படிப் பார்த்தேன், தாங்குகிறது. காரணம் கீனன் தாம்ப்சன். எதிரே அத்தனை நடக்கும்போது அந்த ஆள் பேராசிரியராகவே கடுப்பாகிறார். மார்க் அவருக்குப் போக வேண்டும். இன்னொன்று, குடும்பத்தாரோடு சேர்ந்து பார்க்கும்போது மார்க் போடவே போடாதீர்கள். தனியாக மறுநாள் பாருங்கள்.

பழைய விஜய் டிவி ரசிகன்

மேலே எழுதியவருக்கு: தனியாக மறுநாள் பார்ப்பதற்கு இது பரீட்சைத் தாள் இல்லை. எங்கள் வீட்டில் ஒரே டிவி, ஏழு பேர். பாட்டி பக்கத்தில் உட்காராமல் நான் எந்த எபிசோடையும் பார்த்ததில்லை. கீனன் தாம்ப்சன் பற்றிச் சொன்னது மட்டும் சரி. நானும் போய்ப் பார்த்தேன். அவர் எங்கள் சேஷு ஜாதி.

நெல்லைக்காரன் (நியூஜெர்சி)

எல்லோருக்கும் நன்றி. கல்ச்சுரல்ஸ் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். ஹைடி கார்ட்னர் விழுங்கின அந்த வசனம் என்ன என்று கவனிக்கத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, தடுமாறி, அவர் அதைச் சொல்லித்தான் முடிக்கிறார். முதல் தடவை அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அது கேட்கவே இல்லை. பத்தை ஒன்பதாகக் குறைத்திருக்கிறேன். அந்த ஒன்று கீனன் தாம்ப்சனுக்கு.

அப்பா அந்த வருஷமே ஊருக்குப் போய்விட்டார். காஸ்லிங்கும் மைக்கி டேயும் அதே வேஷத்தில் ஒரு பட விழாவுக்கு வந்து நின்றார்களே, அந்த போட்டோவை அனுப்பினேன். "அந்தப் புள்ள எங்க?" என்று கேட்டார். அவர் வரவில்லை என்றேன். "வேலையில இருக்காள்லா?" என்றார். இருக்கிறாள் என்று சொன்னேன், அப்போது இருந்தார். 2025 ஆகஸ்டில், எட்டு சீசனுக்குப் பிறகு, ஹைடி கார்ட்னர் எஸ்.என்.எல்.லை விட்டு வெளியேறுகிறார் என்று செய்தி வந்தது. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.