செயலி சொல்றபடி சைக்கிள் பயிற்சி: முட்டியைக் காப்பாத்துமா, கெடுக்குமா?

திருவான்மியூர்43:
வணக்கம். ஜனவரியில ஒரு 300 கிமீ பிரெவே, அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டணும்னு ஆசை. போன வருஷமும் இதே ஆசையில, இணையத்துல கிடைச்ச 12 வார அட்டவணை ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். 5ஆவது வாரம் வைரல் காய்ச்சல், 8 நாள் படுக்கை. எழுந்ததும், விட்டதைப் பிடிக்கணும்னு ரெண்டு வாரப் பயிற்சியை ஒரே வாரத்துல ஓட்டினேன். இடது முட்டிக்கு முன்பக்கம் வலி வந்து மூணு மாசம் சைக்கிளைத் தொடலை.

இப்போ வலி இல்லை. வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்க முடியும். சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளயே ஓட்டுற பழைய ஸ்மார்ட் டிரெய்னர் இருக்கு. நாம ஓட்டுறதைப் பார்த்து தானாத் திட்டத்தை மாத்திக்கிற செயலிகள் இருக்கே, அதுக்குச் சந்தா கட்டலாமா? ரெண்டு பக்கமும் கேட்டுட்டு முடிவு பண்றேன்.

மெதுவண்டி_கோவை:
கட்டாதீங்க தம்பி. 300 கிமீக்குக் கொடுக்கிறது 20 மணி நேரம். சாப்பாடு, டீ, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 15 கிமீ வந்தாப் போதும். அதுக்கு எதுக்குங்க வாட் கணக்கு? நான் 200, 300, 400, 600 நாலையும் ஒரே சீசன்ல முடிச்சவன். வழியில பாதியில நின்னவங்களை நிறையப் பார்த்திருக்கேன். காலுல பலமில்லாம நின்னவங்க ரொம்பக் கம்மி. வயிறு கெட்டு, உட்கார முடியாம, ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் தாங்காம நின்னவங்கதான் ஜாஸ்தி. இதுல எதைச் செயலி பழக்கிக் கொடுக்கும்?

மொதல்ல சீட் உயரத்தை அளந்து பாருங்க. முட்டிக்கு முன்னாடி வலின்னா சீட் தாழ்வா இருக்கிறது பெரும்பாலும் ஒரு காரணம்.

வாட்_கணக்கு:
அண்ணா சொல்ற வயிறும் தூக்கமும் சரி. ஆனா இவர் முட்டி கெட்டது எதனால? இவருக்குக் காய்ச்சல் வந்ததே தெரியாத ஒரு அட்டவணையால. 6ஆவது வாரம்னா 6ஆவது வாரம், நீ எப்படி இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான்.

டிரெய்னர்ரோடுங்கிற செயலி 2021ல கொண்டுவந்த முறையை உதாரணத்துக்குச் சொல்றேன். பொறுமையா நெடுநேரம் ஓட்டுறது, எல்லைச் சக்தியில (ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச சக்தி) தாக்குப்பிடிக்கிறது, மூச்சு முட்ட ஓட்டுறதுன்னு ஒவ்வொரு வகைக்கும் உங்களுக்குத் தனித்தனி நிலை இருக்கும், 1லேருந்து 10 வரைக்கும். ஒரு பயிற்சியை முடிச்சா அந்த வகையில நிலை ஏறும். முடிக்க முடியாம விட்டா அடுத்தது லேசா வரும். ஒரு வாரம் படுத்துட்டா, இன்னைக்கு உங்களால என்ன முடியுமோ அங்கேருந்து மறுபடி போடும். விட்டதைச் சேர்த்துக் கட்டச் சொல்லாது. இந்த ஒரு விஷயம் போன வருஷம் இருந்திருந்தா இவருக்கு அந்த மூணு மாசம் போயிருக்காது.

மெதுவண்டி_கோவை:
இன்னைக்கு என்ன முடியும்னு அது எதை வெச்சுச் சொல்லுதுங்க? எண்களை வெச்சுத்தானே. எஃப்டிபில, அதாவது நீங்க சொன்ன அந்த எல்லைச் சக்தியில, ஒரு மணி நேரம் ஓட்டினா பயிற்சிச் சுமை 100ன்னு கணக்கு. அதுல 70 சதவீதத்துல ரெண்டு மணி ஓட்டினா 98. ரெண்டும் கணக்குல கிட்டத்தட்ட ஒண்ணு. ஓட்டிப் பாருங்க, மறுநாள் காலையில முட்டி ரெண்டையும் ஒண்ணாச் சொல்லுதான்னு.

இன்னொண்ணு. இதயமும் மூச்சும் சில வாரத்துலயே தேறிடும். தசைநாருக்கு மாசக்கணக்கு ஆகும். எண் ஏறுதுன்னு மனசு துள்ளுற அந்த இடைவெளியிலதான் முட்டி போகுது. மூணு மாசம் உட்கார்ந்தவருக்கு இதுதான் பெரிய ஆபத்து.

வாட்_கணக்கு:
சுமைக் கணக்கு விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். அதனாலதான் பல செயலிகள் அந்த எண்ணோட நிக்காம, ஓட்டி முடிச்சதும் எப்படி இருந்துச்சுன்னு கேட்குது. சுலபமா, கஷ்டமா, தாங்கவே முடியலையா?

அந்தக் கேள்வியிலதான் நான் தப்புப் பண்ணேன். அதையும் சொல்லிடறேன். ஏழு வாரம் எல்லாத்துக்கும் "நடுத்தரம்"னே அழுத்தினேன். கஷ்டம்னு அழுத்தினா திட்டம் லேசாகிடும், நான் பின்தங்கிடுவேன்னு பயம். 210 வாட்ல இருந்த எஃப்டிபி 228க்குப் போச்சு. எட்டாவது வாரம் மூணு பயிற்சி வரிசையா முடிக்க முடியலை, தூக்கம் கெட்டது, வீட்டுல எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் உள்ளதை உள்ளபடி அழுத்த ஆரம்பிச்சேன். ரெண்டே வாரத்துல திட்டம் இறங்கி வந்தது. 228 இப்பவும் இருக்கு, நான் வாரம் நாலு நாள் ஓட்டுறேன். செயலி கேட்டது. நான்தான் பொய் சொன்னேன்.

இரவுப்பணி_திருச்சி:
நான் நர்ஸ். மாசத்துல ஒரு வாரம் நைட் டியூட்டி. ரெண்டு அண்ணனும் சொல்லாத ஒரு பக்கத்தைச் சொல்றேன்.

எனக்குச் செயலியால நல்லது நடந்துச்சு. முன்னாடி டியூட்டி முடிஞ்சு ஓட்டாம படுத்தா நாள் முழுக்கக் குத்தமா இருக்கும். காலையில ஓய்வுத் துடிப்பு 9, 10 கூடியிருந்தா வாட்ச் அன்னைக்குப் பயிற்சியை லேசாக்கும். ஒரு ஆள் வந்து "இன்னைக்கு விடும்மா"ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி எப்படி மாறுதுன்னு பார்த்துத் தினமும் பயிற்சியைத் தீர்மானிக்கிற யோசனையை பின்லாந்துல 2007லயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, இது வெறும் விளம்பரமில்லை.

ஆனா என் வாட்ச் பகல்ல நான் தூங்கின தூக்கத்தைச் சரியாக் கணக்குல எடுக்கலை. அது பரவாயில்லை, பழகிட்டேன். மே மாசம் கரண்ட் போய் ஃபேன் நின்னா அதே வாட்டுக்கு 140ல இருக்கிற துடிப்பு 158க்குப் போகும். அதையும் நானே புரிஞ்சுக்கிட்டு நிறுத்திடுவேன்.

பெரிய விஷயம் வேற. பயிற்சி ஏற ஏற, எடையும் குறையட்டும்னு ராத்திரிச் சோத்தை நிறுத்தினேன். எண்கள் நல்லாவே போச்சு. வரிசையா ரெண்டு மாசம் மாதவிடாய் வரலை. நானே மருத்துவமனையில வேலை பார்க்கிறவ, வேலை அழுத்தம்னு நினைச்சுத் தள்ளிப்போட்டேன். மூணாவது மாசம் டாக்டரைப் பார்த்தப்போதான், செலவழிக்கிற சக்திக்குத் தகுந்த சாப்பாடு உள்ள போகலைன்னு சொன்னாங்க. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014லயே இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வெச்சு அறிக்கை கொடுத்திருக்கு. எலும்பு பலவீனமாகும், காயம் ஆறாது, ஆம்பளைங்களுக்கும் வரும். அந்த ரெண்டு மாசமும் என் செயலி பச்சைதான் காட்டுச்சு. நான் என்ன சாப்பிட்டேன்னு அதுக்குத் தெரியாது. எந்தப் பொண்ணு இதைப் படிச்சாலும் சொல்றேன், தேதி தவறினா திட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

மெதுவண்டி_கோவை:
இவ்வளவு தெளிவா எழுதினதுக்கு நன்றிம்மா. எங்க குழுவுல ரெண்டு பொண்ணுங்க எடை குறைக்கிறேன்னு வெறும் வயித்துல சிறுவாணி ரோட்டுல 60 கிமீ ஓட்டுறாங்க. இதை அப்படியே அவங்களுக்குக் காட்டறேன்.

என் பேச்சை மாத்திக்கலைங்க தம்பி. நார்வேல இருக்கிற ஸ்டீபன் சைலர்ங்கிற விளையாட்டு ஆராய்ச்சியாளர் உலகத்தர வீரர்களோட பயிற்சியைப் பார்த்துச் சொன்னது, பத்துப் பயிற்சியில எட்டைச் சுலபமாத்தான் செய்றாங்கன்னு. பக்கத்துல வர்றவரோட முழு வாக்கியமாப் பேச முடிஞ்சா அது சுலபம். இதுக்குச் சந்தா கிடையாது.

வாட்_கணக்கு:
அந்த வீரர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் ஓட்டுறவங்க அண்ணா. அதுல பத்துல எட்டுப் பங்கு சுலபம்னாலே 16 மணி நேரம். இவர்கிட்ட இருக்கிறது மொத்தமே 5. நாலு மணி நேரம் பேசிக்கிட்டே ஓட்டினா உடம்புக்கு நல்லதுதான், ஆனா மேல ஏற அது போதாது. நேரம் கம்மியா இருக்கிறவருக்கு வாரம் ஒரு கடினமான நாள் வேணும். அது எவ்வளவு கடினம்னு அளந்து கொடுக்கத்தான் செயலியைச் சொல்றேன்.

மெதுவண்டி_கோவை:
அந்த ஒரு நாள்தான் முட்டியைத் தின்னும். ஆறு வாரம் வலியில்லாம ஓட்டட்டும், அப்புறம் பேசலாம்.

இரவுப்பணி_திருச்சி:
பணம் யோசனையா இருந்தா இன்டர்வல்ஸ் டாட் ஐசியூங்கிற இணையதளம் இலவசமாவே சுமை, ஓய்வு ரெண்டையும் வரைபடமாக் காட்டும். திட்டத்தை அதுவா மாத்தாது, நாமதான் பார்த்து மாத்திக்கணும். எப்படி இருக்கேன்னு தினமும் குறிச்சு வைக்க இடம் இருக்கு. நான் அங்க சாப்பாட்டையும் தேதியையும் எழுதறேன்.

திருவான்மியூர்43:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை பூரா இதையே யோசிச்சேன்.

சாயங்காலம் சீட்டை அளந்தேன். போன வருஷம் டிரெய்னர்ல மாட்டும்போது இறங்கியிருக்கு போல, பழைய பெயிண்ட் குறியிலிருந்து ஒன்றரை செமீ தாழ்வு. ஏத்தி வெச்சிட்டேன். அஞ்சு வாரம் நான் இதுலயேதான் ஓட்டியிருக்கேன். காய்ச்சலுக்கு அப்புறம் அடிச்ச ரெட்டைச் சுமை அதுக்கு மேல ஏறி உட்கார்ந்திருக்கு.

செயலிக்கு ஒரு மாசச் சந்தா மட்டும் கட்டியிருக்கேன், வருஷத்துக்கு இல்லை. வாரம் மூணு நாள் போதும்னு குறைஞ்ச அளவுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது முதல் வாரமே வியாழக்கிழமை எல்லைச் சக்தியில 8 நிமிஷம் மூணு தடவை போட்டிருக்கு. அதை நீக்கிட்டு சுலப ஓட்டமா மாத்தினேன், அண்ணன் சொன்ன ஆறு வாரத்துக்கு. வாட்_கணக்கு, ஏழாவது வாரம் அதைத் திரும்பச் சேர்க்கும்போது உங்களைக் கேட்கிறேன். ஞாயிறு காலை 4:30க்கு ஈசிஆர்ல மாமல்லபுரம் போய்த் திரும்பறேன், இட்லியைப் பையில வெச்சு வழியில சாப்பிட்டுப் பழகணும்.

மெதுவண்டி_கோவை:
இட்லியோட பொடி வேண்டாங்க, தொண்டை காயும். கொஞ்சம் தயிர் சாதம் வெச்சுப் பாருங்க, வெயில் ஏறுறதுக்குள்ள சாப்பிட்டுடணும்.