அம்மாவோடு பார்த்த ஊமைப்படம்

போன மாசம் ஒரு ராத்திரி ‘பிரபஞ்ச பாஷ்’ பார்த்தேன். 1929ல் வந்த மௌனப்படம். ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ என்று தேடினால் கிடைக்கும். ஃபிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மன்காரர் ராஜஸ்தானில் எடுத்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் பின்னணி இசையையும் அணைத்துவிட்டேன். தண்ணீர் எடுக்க வந்த அம்மா, “என்னடா, சத்தத்தையே காணோம்?” என்று நின்றவர், கடைசிவரை நகரவே இல்லை.

ரஞ்சித், சோஹன் என்று இரண்டு ராஜாக்கள். இருவருக்கும் சூதுப் பித்து. வேட்டையில் ரஞ்சித் மேல் விஷ அம்பு பாய, காட்டில் இருக்கும் முனிவரும் அவர் மகள் சுனிதாவும் காப்பாற்றுகிறார்கள். அப்புறமென்ன, அவள் மேல் இரண்டு ராஜாவுக்கும் கண். முனிவர் பெயர் கண்வர் என்றதும் அம்மா, “அப்ப இவ சகுந்தலையா?” என்றார்.

இடையிடையே வந்த ஆங்கில எழுத்துகளை நான் படித்துச் சொன்னேன். பகடை ஆட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. சோஹன் காயை உருட்டும் முன்பே, “சகுனி வேலை பண்ணப் போறான் பாரு!” நாட்டைத் தோற்று, ரஞ்சித் தன்னையே பணயம் வைத்தபோது, “எந்திரிச்சுப் போயேன்டா” என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார். கையில் செம்பு அப்படியே இருந்தது.

முத்தக் காட்சியும் உண்டு. 1929ல், உதட்டிலேயே! அந்த நேரம் செம்பை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டேன்.

---

மறுமொழி 1: சோஹனாக வரும் ஹிமான்ஷு ராய்தான் தயாரிப்பாளரும். இதே ஆள் 1925ல் ‘தி லைட் ஆஃப் ஏசியா’வில் புத்தர்! அதை முதலில் பார்த்துத் தொலைத்ததால், இதில் அவர் சதி செய்யும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதில் புத்தரின் மனைவியாக வந்த சீதா தேவிதான் இதில் சுனிதா. நிஜப் பெயர் ரெனீ ஸ்மித், ஆங்கிலோ இந்தியர்.

---

மறுமொழி 2: நான் நிதின் சாஹ்னி பிற்பாடு போட்ட இசையோடு பார்த்தேன். இசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யானைகளும் குதிரைகளும் வரும் கூட்டக் காட்சிகள்தான் மனசில் நின்றன. எல்லாம் நிஜக் கூட்டம். சரி, முடிவைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மா என்ன சொன்னார்?

---

பதிவர்: சோஹன் மலையுச்சியிலிருந்து குதித்ததும், “சகுனியைக் கொல்ல பதினெட்டு நாள் சண்டை வேண்டியிருந்துச்சு” என்றார். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.